விசில் இல்லாத வீடு

ஜூன் 12, புதன்

பஸ்ஸில் டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த டைரி. புது வருஷத்துக்கு முதலாளி கொடுத்தது, அட்டையில் டயர்க் கடை விளம்பரம். இத்தனை மாதமாக இதன் மேல் டி.வி. ரிமோட் குடியிருந்தது.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். நான், சுகந்தி, எங்கள் மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை. அம்முணி என்று கூப்பிடுகிறோம். தலை நிறைய முடி. மூக்கு என் மூக்கு. இதை சுகந்தி ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பார்க்கிற கண்ணுக்குத் தெரியும்.

தலைப்பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அங்கே அவளுடைய அக்காவும் போன வாரம்தான் பிள்ளை பெற்றிருக்கிறாள். பச்சை உடம்புக்காரிகள் இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் ஒரு பிள்ளைக்கு ஆகாது என்று அவர்கள் பக்கம் ஒரு சாஸ்திரம். மாமனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் அம்மா உயிரோடு இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்? நானே பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையதுதான், அந்தத் தைரியம் யாருடையது என்று தெரியவில்லை.

முதலாளியும் லீவு கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் சுகந்திக்கு ஆசிரியர் தேர்வு. அது முடிந்த மறுநாள் வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். எழுதிவிடுகிறேன். நர்ஸ் முதன்முதலாகக் குழந்தையை என் கையில் கொடுத்தபோது, "வாடி என் தங்கமே" என்றேன். அவ்வளவுதான். பிள்ளை இரண்டு கையையும் விரித்து, உடம்பெல்லாம் தூக்கிப்போட்டு, வீறிட்டு அழுதது. மெதுவா பேசுங்க, இது பஸ் ஸ்டாண்டு இல்லீங்க என்றார் நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது வருஷமாக டவுன் பஸ் கண்டக்டர். ஈரோட்டிலிருந்து வெள்ளோடு வரைக்கும் என் குரல் கேட்காத ஸ்டாப் கிடையாது. அந்தக் குரலை ஒரு பச்சைப் பிள்ளையின் மேல் இறக்கியது தப்புதான். இனி வீட்டில் சத்தம் கூடாது.

ஜூன் 14, வெள்ளி

ஏற்பாடுகள் முடிந்தன. காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கிறீச்சிடும் ஃபேனுக்கு எண்ணெய் விட்டாயிற்று. குக்கர் வெயிட்டை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். சோறு இனி வடிசட்டியில்தான். பால்காரரிடம் தெரு முனையிலேயே ஹாரனை நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். எதிர்வீட்டு டி.வி.யையும் குறைக்கச் சொன்னேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பையன்களின் கிரிக்கெட்டையும் வேறு தெருவுக்கு மாற்றியாகிவிட்டது.

நானும் ரகசியக் குரலில்தான் பேசுகிறேன். சுகந்திக்குப் பாதி காதில் விழுவதில்லை. நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அவள் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது என்கிறாள்.

காலையில் பக்கத்து வீட்டு ஜமுனா அக்கா வந்து பிள்ளையைக் குளிக்க வைத்தார். அக்கா தையல்காரர். வாயை மூடுகிற பழக்கமே கிடையாது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு, கரண்டு பில்லிலிருந்து நாத்தனார் வரைக்கும் எல்லாவற்றையும் உரக்கப் பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். அம்முணி அழவே இல்லை. அக்காவுக்குக் கைராசி.

ஜூன் 17, திங்கள்

துணி துவைத்தேன். மழை வந்தது. மறுபடி துவைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. ஜூலை 21, ஞாயிறு. மையம் ரங்கம்பாளையம் தாண்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி. எங்கள் பஸ் போகிற ரோடுதான்.

சுகந்தி அதை மடியில் வைத்து விரலால் நீவிக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. கணக்கு, பி.எட். முடித்தவள். போன முறை கொஞ்சத்தில் தவறிப்போனது. இந்த முறை வயிற்றில் பிள்ளையோடு, எங்கள் பஸ்ஸிலேயே டியூஷன் சென்டருக்குப் போய் வந்து படித்தாள். முன் வாசலுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, எப்போதும் அதே இடம்.

பிறகு நிமிர்ந்து சொன்னாள். "ஏனுங்க, நீங்க அவள வெச்சுப் பாத்துக்குவீங்கன்னா எழுதறேன். அவ அழற சத்தம் காதுல உழுந்துச்சுன்னா என்னால உக்கார முடியாது. எந்திரிச்சு வந்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

மூன்று மணி நேரம்தானே, தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் நூற்றுச்சில்லறைப் பேரைச் சமாளிக்கிறவன் நான், ஒரு பிள்ளையையா சமாளிக்க மாட்டேன் என்றேன். ரகசியக் குரலில்தான்.

ஜூன் 25, செவ்வாய்

பாலாடை என்று ஒரு சாமான். சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் ஊற்றி, மூக்கைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்தால் அது நக்கிக் குடிக்கும். எப்படி என்று ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டிக்கொடுத்தார். சுகந்தி பரீட்சை எழுதும் நேரத்துக்கு இதுதான் வழி.

ஜமுனா அக்கா வைத்தால் குடிக்கிறாள். நான் வைத்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் பார்க்கிற ஆசாமிகளை எனக்குத் தெரியும். அதே முகம்.

பால் என் சட்டையில். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பழகாத கை, அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

இப்போது ஆள் முகத்தைப் பார்க்கிறாள். சுகந்தி கொஞ்சினால் அவள் வாயையே பார்க்கிறாள். ஜமுனா அக்கா வந்தால் கழுத்தைத் திருப்புகிறாள். நான் போய்க் குனிந்து, மூச்சுக்காற்று மாதிரி மெல்லமாக, அப்பா வந்திருக்கேன் என்கிறேன். என் காதுக்குப் பின்னால் ஏதோ ஊர் இருக்கிற மாதிரி அங்கே பார்க்கிறாள்.

கண் பார்வை இன்னும் சரியாக நிலைக்கவில்லை என்று சுகந்தி சமாதானம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூலை 4, வியாழன்

நகம் வெட்டினேன். இரண்டு பேரும் தப்பித்தோம்.

ஜூலை 9, செவ்வாய்

ஒத்திகை பார்த்தோம். சுகந்தி கோயிலுக்குப் போனாள். நானும் அம்முணியும் மட்டும். வீடு அப்படியொரு அமைதி, கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். முதலில் சிணுங்கினாள். தோளில் போட்டேன். நடந்தேன். தொட்டிலில் ஆட்டினேன். பாலாடையை வைத்தேன், தட்டிவிட்டாள். பிறகு அழுகை. முகம் சிவந்து, மூச்சை இழுத்து, தெருவுக்கே கேட்கிற அழுகை. உஷ் உஷ் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வறண்டுபோனது.

ஜமுனா அக்கா ஓடிவந்து வாங்கிக்கொண்டுபோய், தன் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் துணி விரித்துப் படுக்க வைத்தார். அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் அப்படியே மிஷினையும் ஓட்டினார். அந்தக் கடகட சத்தத்தில் அம்முணி தூங்கிவிட்டாள். அழுது அழுது களைத்திருந்தாள், பாவம்.

சுகந்தி திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலம் படிக்க உட்காரவில்லை. புத்தகம் மூடியபடியே கிடந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியாத ஒருவனால் அவளுடைய படிப்பெல்லாம் பாழாகப் போகிறது.

ஜூலை 14, ஞாயிறு

டிரைவர் மயில்சாமி அண்ணன் பிள்ளை பார்க்க வந்தார். என்னைவிடப் பெரிய தொண்டை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "என்னப்பா லோகு, ஊடு பரீட்சை ஹாலாட்டம் இருக்குது?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். தொட்டிலில் அம்முணி தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் குரலைக் குறைக்கவில்லை. எனக்குப் பதிலாக வருகிற சபரிநாதன் வாயே திறப்பதில்லையாம். ஜனங்கள் ஸ்டாப் தெரியாமல் தாண்டிப் போய் இறங்கிச் சண்டை பிடிக்கிறார்களாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்ததை மறைப்பானேன். அண்ணன் பேசி முடித்து, சிரித்து, காப்பி குடித்துக் கிளம்புகிறவரை பிள்ளை அசையவில்லை. நல்ல அசதி போலிருக்கிறது.

அவர் போன பிறகு சுகந்தி சொன்னாள். "இப்பிடிக் கோயில் பூசாரியாட்டம் முணுமுணுத்தா நீங்க யாருன்னு அவளுக்கு எப்பிடித் தெரியுமுங்க? பஸ்ல பேசற மாதிரி பேசுங்களே."

கிண்டல் செய்கிறாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை தூக்கிப்போட்டதை அவளும்தானே பார்த்தாள்.

ஜூலை 20, சனி

பை தயார். துணி, துண்டு, பாலாடை, மூடி போட்ட டப்பா. சுகந்தி படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் படிக்கிற சத்தத்தையும் குறைக்கச் சொல்லப் போய், நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். டைரியே இதற்காகத்தான் இருந்திருக்கிறது போல.

கல்லூரி வாசலில் போய்ப் பார்த்தால் நான் ஒருவன் மட்டும் இல்லை. ரோட்டோர வாகை மரத்தடி முழுக்கப் புருஷன்மார்கள். ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு கூடை. ஒருவர் சரக்கு ஆட்டோவின் பின்கம்பியில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பவானிக்காரர் ஒருவர் போன தடவையும் இதே மரத்தடிதான் என்று எனக்கு நிழலாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ரிசல்ட் எப்போது வரும் என்பதைவிடப் பல் எப்போது முளைக்கும் என்பதுதான் அங்கே பேச்சு. எனக்குத் தெம்பாக இருந்தது.

சுகந்தி வாசலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, பீய்ச்சி வைத்த பால் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். மணி அடித்தது.

அம்முணி கொஞ்ச நேரம் தூங்கினாள். பிறகு விழித்தாள். மரத்தைப் பார்த்தாள், என் காதுக்குப் பின்னால் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள். தோளில் போட்டு நடந்தேன். உஷ் உஷ் என்றேன். பவானிக்காரர் வாங்கிப் பார்த்தார், நடக்கவில்லை. பாலாடையை வைத்தேன். இறுக்கிய உதடு. அழுகை ஏறிக்கொண்டே போனது. மாடி ஜன்னல்கள் திறந்தே இருந்தன. அதில் ஏதோ ஒன்றின் பக்கத்தில் சுகந்தி உட்கார்ந்திருப்பாள். எந்திரிச்சு வந்துருவேன் என்று சொன்னவள்.

வாசலில் நின்ற பெண் போலீஸ் வந்து, உள்ளே எழுதுகிறவர்களுக்குத் தொந்தரவு, பிள்ளையைக் கொஞ்சம் தள்ளித் தூக்கிப் போங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். தள்ளி என்றால் எங்கே? இரண்டு பக்கமும் ரோடு, வெயில். பிள்ளையின் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டாப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். அப்போதுதான் எங்கள் பஸ் வந்தது. ஹாரனைக் கேட்டே சொல்லிவிடுவேன். நான் கை காட்டவில்லை. மயில்சாமி அண்ணன் என்னைப் பார்த்து அவராகவே நிறுத்தினார். ஏறிவிட்டேன்.

ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். முன் வாசலுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு. அதை அப்போது கவனிக்கவில்லை. வயிற்றில் இவளோடு சுகந்தி உட்கார்ந்து வந்த இடம் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

இன்ஜின் உறுமியது. அம்முணியின் அழுகையில் ஓர் இடைவெளி விழுந்தது. மறுபடி அழுதாள், ஆனால் முன்னைப்போல இல்லை. சபரிநாதன் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே என்னவோ முனகினான். பால் சொசைட்டி ஸ்டாப் தாண்டிப் போகிறது. சின்ன வெங்காய மூட்டையோடு ஒரு பெண்மணி எழுந்து, ஏப்பா, சொல்ல மாட்டியா என்று சத்தம் போட, பஸ் நின்று, ஒரே கலாட்டா. அடுத்தது ரைஸ்மில். அங்கே ஆறேழு பேர் இறங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சபரிநாதனோ சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

நான் நினைத்துச் செய்யவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம் அதுவாக வெளியே வந்துவிட்டது.

"ரைஸ்மில்... ரைஸ்மில் எறங்கு! படியில நிக்காதீங்க, முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிர் போய்விட்டது. இத்தனை நாள் காத்த காவலை ஒரே நொடியில் கெடுத்துவிட்டேனே என்று குனிந்து பார்த்தேன்.

அம்முணி அழவில்லை. கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் அல்ல, என் முகத்தை. ரொம்ப நாளாகக் குரலை மட்டும் தெரிந்த ஆளை இப்போதுதான் நேரில் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிட்டது. "கோயில்மேடு... கோயில்மேடு எறங்கு!" என்றேன், அவளைப் பார்த்துக்கொண்டே. அவள் சிரித்தாள். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு, இடது கன்னத்தில் ஒரு குழி. அந்தக் குழி இத்தனை நாள் எங்கே இருந்தது?

வெள்ளோட்டில் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் முகம் சுருங்கியது. இப்போது எனக்கு வழி தெரியும். வாயைத் திறந்தேன். என் பெயர் லோகநாதன், இது நம் வண்டி, அதோ மயில்சாமி பெரியப்பா, உங்கம்மா இதில்தான் தினமும் வருவாள், வந்தால் சரியாகச் சில்லறை கொடுப்பாள் என்று என் முழுக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். பாலாடையின் மூக்கை உதட்டில் வைத்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டு, சப்சப்பென்று நக்கிக் குடித்தாள். அண்ணன் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முறை ஊற்றினோம். அதையும் குடித்தாள். சபரிநாதன் கைதட்டினான். உன் சத்தத்தை இன்றுதான் முதலில் கேட்கிறேன் என்று அண்ணன் அவனைக் கலாய்த்தார்.

திரும்பும்போது எல்லா ஸ்டாப்பையும் நான்தான் சொன்னேன். ஏப்பம் விட்டுவிட்டு என் நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் கத்தக் கத்த அவள் தூக்கம் ஆழமானது. "காலேஜ்... காலேஜ் எறங்கு!" என்றபோது வாசல் போலீஸ் என்னை முறைத்தார். பரீட்சை ஹால் என்பதே மறந்துபோயிருந்தது. இறங்க மனம் வரவில்லை. இன்னொரு நடை போய்வந்தேன்.

மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தபோது மரத்தடியில் நின்றேன். சுகந்தி ஓடிவந்தாள். முதலில் பிள்ளையை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி. நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஜன்னலோரம் எடமுங்க. அவ அழுதது கேட்டுச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன். மேடம் உக்காரச் சொன்னாங்க. அப்பறம் சத்தமே இல்ல. அது அதவிடப் பயமா இருந்துச்சு. ஒரு கணக்கு ஓடல. அப்பறம் நம்ம பஸ் ஹாரன். அது பின்னாலயே காலேஜ் எறங்குன்னு உங்க சத்தம்."

பிள்ளையின் முடியைக் கோதிவிட்டாள்.

"மடியில அழற கொழந்தைய வெச்சுக்கிட்டு நீங்க அப்பிடிக் கத்த மாட்டீங்க. அவ சிரிக்கறான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உக்காந்து அத்தனையும் எழுதிட்டேன்."

என் கண்ணில் தூசி விழுந்தது. பஸ் ரோடு, தூசி அதிகம். இல்லை, தூசியெல்லாம் இல்லை. அழுதேன். பவானிக்காரர் பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 22, திங்கள்

காலையில் பரணிலிருந்து குக்கர் வெயிட்டை எடுத்துப் போட்டேன். விசில் வந்தது. தூக்கத்திலேயே அம்முணியின் கன்னத்தில் குழி விழுந்தது. கடிகாரம், காலிங் பெல், எல்லாம் அதனதன் இடத்தில். அடுத்த வீட்டுப் பையன்களிடம் கிரிக்கெட்டை இங்கேயே ஆடச் சொன்னேன். ஏன் அங்கிள், பாப்பா ஊருக்குப் போயிருச்சா என்று கேட்டார்கள்.

வண்டிக்குக் கிளம்பும்போது பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வர முடியவில்லை. இரண்டு தடவை திரும்பிப் போனேன். மூன்றாவது தடவை சுகந்தி கதவைச் சாத்திவிட்டாள்.

எங்கள் தெரு முனையில் ஸ்டாப் கிடையாது. முதல் நடையில் அந்த இடம் வரும்போது சுகந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஒரு விசில் கொடுத்தேன். அண்ணன் நிறுத்திவிட்டார். யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. என்னப்பா இது புது ஸ்டாப் என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டார். நான் படியில் நின்று, ஒன்பது வருஷத்தில் எந்த ஊருக்கும் கொடுக்காத குரலில், "அம்முணீ!" என்றேன்.

தெருவில் போனவர்கள் திரும்புவதற்கு முன்னால் அவள் திரும்பினாள். இரண்டு விசில் கொடுத்தேன், வண்டி கிளம்பியது.